லினக்ஸ் கெர்னல் பேட்ச்: செக் பண்றதுல இருந்து ரோல்பேக் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் சிஸ்டத்தோட மையப் ப்ரோக்ராம் தான் கெர்னல், அதுல இருக்கிற தப்பை திருத்துற அப்டேட் தான் பேட்ச். கெர்னல் அப்டேட்ல நிறைய பேர் ஏமாந்து போறது ஒரே இடத்துல தான். அப்டேட் கமாண்டை ஓட்டுவாங்க, எரர் எதுவும் வராம முடிஞ்சிடும், "பேட்ச் போட்டாச்சு"ன்னு டிக்கெட்டை மூடிடுவாங்க. ஆனா அந்த மெஷின் பல மாசமா ரீபூட்டே ஆகியிருக்காது. புது கெர்னல் டிஸ்க்ல சும்மா ஒரு ஃபைலா உக்காந்திருக்கும், மெமரில ஓடுறது ஓட்டை இருக்கிற அதே பழைய கெர்னல். புதுப் பூட்டை வாங்கி மேஜை மேல வச்சுட்டு கதவுல பழசையே தொங்க விட்ட மாதிரி தான் இது. அதனால கீழ "போட்டாச்சு"ன்னு எங்க சொன்னாலும் ஒரே அர்த்தம்: ஃபிக்ஸ் இருக்கிற கெர்னல் இப்போ ஓடிட்டு இருக்கு, அதை நாம கண்ணால பார்த்து உறுதி பண்ணிட்டோம்.

கமாண்டுகளை வாயால சொல்ற மாதிரியே எழுதியிருக்கேன். டெபியன், உபுண்டு குடும்பத்தையும் ரெட் ஹேட் குடும்பத்தையும் மனசுல வச்சு தான் எழுதுறேன், மத்த டிஸ்ட்ரோல (லினக்ஸோட வேற வேற வெளியீடுகள்ல) பேர் மாறும், வேலை அதே தான்.

முதல்ல, இந்த ஃபிக்ஸ் எல்லாம் எந்த வழியா வருதுன்னு பார்த்துடலாம்

இது தெரியாம அடுத்த ஸ்டெப்புக்கு போனா வெர்ஷன் நம்பரை பார்த்து குழம்பிடுவீங்க. லினக்ஸை உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்ட இருக்கிறது மெயின்லைன், அதாவது மூல கிளை, அதுல ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புது ரிலீஸ் வரும். அதுக்கு கீழ ஸ்டேபிள் கிளைகள் இருக்கு, அதை கிரெக் க்ரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் பார்த்துக்கிறாங்க. 6.1, 6.6, 6.12 மாதிரி சில கிளைகளை மட்டும் எல்டிஎஸ்னு (நீண்ட கால சப்போர்ட்) வருஷக்கணக்கா தாங்குவாங்க. பக் ஃபிக்ஸ் முதல்ல மெயின்லைனுக்கு போகணும், அப்புறம் தான் ஸ்டேபிளுக்கு வரும், இது கிட்டத்தட்ட மீற முடியாத ரூல். ஸ்டேபிளுக்கு வர்ற பேட்ச் சுத்தி இருக்கிற கான்டெக்ஸ்ட் வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல போகக்கூடாதுன்னும் எழுதி வச்சிருக்காங்க, ஏன்னா சின்ன பேட்ச்னா தான் படிச்சு சரி பார்க்க முடியும்.

அங்க இருந்து டிஸ்ட்ரோக்காரங்க எடுக்கிறாங்க. டெபியன் 12 கிட்டத்தட்ட 6.1 எல்டிஎஸ் கூடவே நடக்கும். ரெட் ஹேட் அப்படி இல்ல. அவங்களோட ஆர்ஹெச்இஎல் (ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ்) 8ல 4.18, 9ல 5.14னு ஒரு நம்பரை பிடிச்சா கடைசி வரைக்கும் அதே நம்பர் தான், உள்ள மட்டும் ஆயிரக்கணக்குல ஃபிக்ஸை பேக்போர்ட் பண்ணிட்டே (புதுசுல இருந்து பழைய வெர்ஷனுக்கு கொண்டு வந்துட்டே) இருப்பாங்க. அதாவது வெளிய 4.18னு எழுதியிருந்தாலும் உள்ள இருக்கிறது 2018ல வந்த அந்த 4.18 கிடையாது. ஓட்டை தேடுற ஸ்கேனர் ரிப்போர்ட்ல "கெர்னல் 4.18, ரொம்ப பழசு, கிரிட்டிகல்"னு சிவப்பா வந்தா பதறாதீங்க, பல ஸ்கேனர் நம்பரை மட்டும் பார்த்து கத்தும்.

இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. "செக்யூரிட்டி ஃபிக்ஸ் மட்டும் போதும், சாதா பக் ஃபிக்ஸ் வேண்டாம்"னு சிலர் கேப்பாங்க. கெர்னலை பொறுத்தவரைக்கும் அந்தக் கோடு ரொம்ப மெல்லிசு. மெமரியை ஃப்ரீ பண்ணிட்டு திரும்ப தொடுற ஒரு சாதா பக், யாராவது உக்காந்து யோசிச்சா ரூட் (முழு நிர்வாக அதிகாரம்) எடுக்கிற வழியா மாறிடும். 2024 பிப்ரவரில கெர்னல் டீமே சிவிஇ நம்பர் (ஒவ்வொரு ஓட்டைக்கும் தர்ற அடையாள எண்) கொடுக்கிற அதிகாரத்தை வாங்கிக்கிட்டாங்க, அப்புறம் செக்யூரிட்டி சம்பந்தம் இருக்கலாம்னு தோணுற எந்த ஃபிக்ஸுக்கும் நம்பர் கொடுக்க ஆரம்பிச்சாங்க, வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல வருது. அதை ஒவ்வொண்ணா படிச்சு "இது வேணும் இது வேண்டாம்"னு பொறுக்குறது ஒரு டீமால முடியாத வேலை. முழு ஸ்டேபிள் அப்டேட்டை அப்படியே எடுக்கிறது தான் நல்லது. பொறுக்குறதை அவசரத்துக்கு வச்சுக்கோங்க, அதாவது எந்த மெஷினை முதல்ல தொடணும்னு முடிவு பண்ண.

ஸ்டெப் 1: இப்போ என்ன ஓடுதுன்னு பாருங்க

யூநேம் கமாண்டை ஹைஃபன் ஆர் போட்டு அடிங்க, ஓடுற கெர்னலோட ரிலீஸ் பேர் வரும். இதோட நிறுத்திடக் கூடாது. டெபியன்ல 6.1.0-15ன்னு ஏதாவது காட்டும், அது பேக்கேஜோட ஏபிஐ நம்பர், உள்ள இருக்கிற உண்மையான ஸ்டேபிள் வெர்ஷன் கிடையாது. அதுக்கு யூநேம் ஹைஃபன் வி அடிங்க (சின்ன வி), கடைசில 6.1.66-1 மாதிரி நிஜ நம்பரும் பில்ட் தேதியும் இருக்கும். உபுண்டுல ப்ராக் டைரக்டரிக்குள்ள வெர்ஷன் அண்டர்ஸ்கோர் சிக்னேச்சர்னு ஒரு ஃபைல் இருக்கு, அதை கேட் பண்ணா எந்த அப்ஸ்ட்ரீம் ஸ்டேபிளை ஒட்டி இந்த கெர்னல் இருக்குன்னு கடைசில சொல்லும்.

அப்புறம் டிஸ்க்ல எந்தெந்த கெர்னல் பேக்கேஜ் இருக்குன்னு எடுங்க (ஆர்பிஎம் ஹைஃபன் க்யூ கெர்னல், இல்ல டிபிகேஜி லிஸ்ட்ல லினக்ஸ்-இமேஜ்). டிஸ்க்ல இருக்கிறதுல புதுசும் ஓடுறதும் ஒண்ணா இல்லேன்னா உங்க மெஷின் பாதி வழியில நிக்குதுன்னு அர்த்தம்.

கன்டெய்னர் ஓட்டுறவங்க இதை கவனிங்க: கன்டெய்னருக்குள்ள கெர்னல்னு தனியா ஒண்ணு இல்ல, எல்லாம் ஹோஸ்ட்டோட கெர்னல் தான். இமேஜை எத்தனை தடவை ரீபில்ட் பண்ணாலும் கெர்னல் ஓட்டை அடையாது, ஹோஸ்ட் நோடை தான் பேட்ச் பண்ணணும். விர்ச்சுவல் மெஷின்ல உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு, ரெண்டையும் பார்க்கணும்.

ஸ்டெப் 2: இந்த ஓட்டை நமக்கு பொருந்துதா

ஒரு சிவிஇ நம்பர் வந்தா முதல்ல உங்க டிஸ்ட்ரோவோட செக்யூரிட்டி ட்ராக்கர்ல தேடுங்க. நியூஸ்ல வர்றதை விட அது தான் உங்களுக்கு உதவும், எந்த பேக்கேஜ் வெர்ஷன்ல ஃபிக்ஸ் ஆச்சுன்னு நேரா போட்டிருப்பாங்க. ஆர்பிஎம் மெஷின்ல பேக்கேஜோட சேஞ்ச்லாகை எடுத்து அதுல சிவிஇ நம்பரை க்ரெப் பண்ணலாம், பேக்போர்ட் ஆகியிருந்தா அங்க பேர் சொல்லி இருக்கும். ஸ்கேனர் ரிப்போர்ட்டோட சண்டை போடும்போது இந்த ஒரு வரி தான் ஆதாரம்.

எந்த வெர்ஷன்ல இருந்து எந்த வெர்ஷன் வரைக்கும்னு பார்க்கிறது ஏன் முக்கியம்னா, ஓட்டை எப்பவுமே பழசுல தான் இருக்கும்னு இல்ல. டர்ட்டி பைப், அதாவது சிவிஇ-2022-0847, 5.8ல தான் நுழைஞ்சுது, படிக்க மட்டும் அனுமதி இருக்கிற ஃபைலோட பேஜ் கேஷ்ல (மெமரில இருக்கிற நகல்ல) சாதா யூசரே எழுத முடிஞ்சுது. 5.16.11, 5.15.25, 5.10.102 இதுல எல்லாம் ஃபிக்ஸ் வந்தது. அப்போ 5.4 ஓட்டிட்டு இருந்தவங்களுக்கு அந்த ஓட்டையே கிடையாது. இதுக்கு நேர் எதிர் டர்ட்டி கவ், சிவிஇ-2016-5195, அது 2007ல வந்த 2.6.22ல இருந்தே உள்ள இருந்து 2016 அக்டோபர்ல தான் வெளிய வந்துச்சு, ஒன்பது வருஷம் யார் வேணா ரூட் ஆகியிருக்கலாம்.

அவசரமா இல்லையான்னு முடிவு பண்ண சிவிஇக்கு கொடுக்கிற ஆபத்து மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க. ஓட்டை இருக்கிற மாட்யூல் (கெர்னலோட தனியா சேர்ற பகுதி) உங்க மெஷின்ல லோட் ஆகுமா (எல்எஸ்மாட் அடிச்சு பாருங்க, ஆனா தேவைப்படும்போது தானா லோட் ஆகிற மாட்யூலும் உண்டு)? அதை தொட லோக்கல் லாகின் வேணுமா, இல்ல நெட்வொர்க்ல இருந்தே தொடலாமா? எக்ஸ்ப்ளாய்ட் ஏற்கனவே வெளிய சுத்துதா? மூணாவதுக்கு சிசாங்கிற அமெரிக்க அரசு அமைப்போட கேஇவி லிஸ்ட் நல்ல உதவி, நிஜமா தாக்குதல்ல பயன்பட்டது மட்டும் தான் அதுல ஏறும். கெர்னலோட ஃபயர்வால் பகுதியான என்எஃப் டேபிள்ஸ்ல வந்த சிவிஇ-2024-1086ஐ எடுத்துக்கோங்க. ஃபிக்ஸ் 2024 ஜனவரிலயே வந்துடுச்சு, மார்ச்ல எக்ஸ்ப்ளாய்ட் பப்ளிக் ஆச்சு, மே 30 அன்னைக்கு கேஇவி லிஸ்ட்ல ஏறுச்சு. ஜனவரில வந்த ஸ்டேபிளை சத்தமில்லாம எடுத்து ரீபூட் பண்ணவங்க அந்த வருஷம் நிம்மதியா இருந்தாங்க.

"லோக்கல் ஓட்டை தானே"ன்னு அலட்சியமா விடுறது எனக்கு பிடிக்காத பழக்கம். வெப் ஆப்ல ஒரு சின்ன ஓட்டை வழியா உள்ள வந்தவனுக்கு லோக்கல் யூசர் கிடைச்சாச்சு, அடுத்த படி ரூட் தான்.

ஸ்டெப் 3: ரீபூட் பண்ண நேரம் கிடைக்கிற வரைக்கும் என்ன பண்றது

சில சமயம் இன்னைக்கு ரீபூட் முடியாது. அப்போ தற்காலிகமா வழியை அடைக்கலாம். உபயோகப்படுத்தாத மாட்யூலா இருந்தா மாட்ப்ரோப் டாட் டி டைரக்டரில ஒரு கான்ஃபிக் ஃபைல் வச்சு தடுத்துடலாம். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு: பிளாக்லிஸ்ட்னு ஒரு வரி எழுதுனா அது ஏலியாஸ் வழியா தானா லோட் ஆகிறதை மட்டும் தான் தடுக்கும், பேர் சொல்லி லோட் பண்ணா உள்ள வந்துடும், வேற மாட்யூல் இதை இழுத்தாலும் வந்துடும். முழுசா அடைக்கணும்னா இன்ஸ்டால்னு போட்டு, மாட்யூல் பேர் போட்டு, பின் ஸ்லாஷ் ஃபால்ஸை காட்டி விடணும். ஏற்கனவே லோட் ஆகியிருந்தா இது எதுவும் வேலைக்கு ஆகாது, இறக்கிட்டு தான் தடுக்கணும்.

இன்னொரு வழி சிஸ்சிடிஎல், ஓடுற கெர்னலோட செட்டிங்கை மாத்துற கமாண்டு. சாதா யூசர் தனக்குன்னு யூசர் நேம்ஸ்பேஸ் (தனி யூசர் வட்டம்) உருவாக்குறதை நிறுத்துனா (யூசர் டாட் மேக்ஸ் யூசர் நேம்ஸ்பேசஸை சைபர் ஆக்கினா) மேல சொன்ன என்எஃப் டேபிள்ஸ் ரகத்துல பல எக்ஸ்ப்ளாய்ட்டுக்கு வாசலே இருக்காது, ஆனா ரூட்லெஸ் கன்டெய்னர், பிரௌசரோட சாண்ட்பாக்ஸ் இதெல்லாம் அடிபடும், அதனால சர்வர்ல பண்ணலாம் டெஸ்க்டாப்ல யோசிங்க. இதெல்லாம் ஒட்டுப் போடுற வேலை தான், என்ன மாத்துனீங்கன்னு எங்கயாவது எழுதி வையுங்க, பேட்ச் வந்ததும் எடுக்கணும் இல்லையா.

ஸ்டெப் 4: இன்ஸ்டாலுக்கு முன்னாடி

பிரச்சனை வர்ற இடங்கள் எல்லாம் எனக்கு தெரிஞ்சு இங்க தான் ஆரம்பிக்குது.

பூட் பார்ட்டிஷன்ல இடம் இருக்கான்னு டிஎஃப் அடிச்சு பாருங்க. தனி பார்ட்டிஷனா சின்னதா வச்சிருந்தா நாலஞ்சு பழைய கெர்னல் சேர்ந்ததும் ரொம்பிடும், இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதல்ல லோட் ஆகிற சின்ன ஃபைல்சிஸ்டம்) பாதில எழுதி நின்னுடும், அந்த நிலைமைல ரீபூட் பண்ணா மெஷின் எழுந்திருக்காது. ஆப்ட் ஆட்டோரிமூவ் பழசை கழட்டும், டிஎன்எஃப் தானாவே மூணு கெர்னல் வரைக்கும் தான் வச்சுக்கும். ஆனா எல்லாத்தையும் துடைச்சிடாதீங்க, நல்லா ஓடிட்டு இருக்கிற ஒண்ணு கண்டிப்பா இருக்கணும், ரோல்பேக்குக்கு அது தான் கை கொடுக்கும்.

டிகேஎம்எஸ்ல (வெளி மாட்யூலை கம்பைல் பண்ற டூல்) என்ன இருக்குன்னு ஸ்டேட்டஸ் கேளுங்க. என்விடியா டிரைவர், இசட்எஃப்எஸ், விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி கெர்னலுக்கு வெளிய இருந்து வர்ற மாட்யூல் ஒவ்வொரு புது கெர்னலுக்கும் புதுசா கம்பைல் ஆகணும். ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லேன்னா கம்பைல் ஆகாது, செக்யூர் பூட் ஆன்ல இருந்தா சைன் ஆகாத மாட்யூல் லோட் ஆகாது. ரூட் ஃபைல்சிஸ்டமே இசட்எஃப்எஸ்ல இருக்கிறவங்க இதை பார்க்காம ரீபூட் பண்றதை நினைச்சாலே எனக்கு பகீர்னு இருக்கு.

நெட்வொர்க் இல்லாமலும் மெஷினை தொட வழி வேணும், அதாவது சீரியல் கன்சோலோ சர்வருக்குள்ளயே இருக்கிற ஐபிஎம்ஐயோ கிளவுட்ல கொடுக்கிற கன்சோலோ. பாஸ்வேர்ட் வேலை செய்யுதான்னு இப்பவே லாகின் பண்ணி பாருங்க. அப்புறம் பேக்கப், அதை நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல.

ஸ்டெப் 5: இன்ஸ்டால்

இது தான் இருக்கிறதுலயே சின்ன ஸ்டெப். டெபியன் பக்கம் ஆப்ட் அப்டேட், அப்புறம் ஃபுல்-அப்கிரேட். வெறும் அப்கிரேட்னு ஆப்ட்-கெட்ல கொடுத்தா புது பேர்ல வர்ற கெர்னல் பேக்கேஜை சேர்க்காம பிடிச்சு வச்சிடும், "கெப்ட் பேக்"னு ஒரு வரி காட்டும், அதை யாரும் படிக்கிறதில்ல. ரெட் ஹேட் பக்கம் டிஎன்எஃப் அப்கிரேட், செக்யூரிட்டி மட்டும் வேணும்னா அதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு. இன்ஸ்டால் ஓடும்போது வர்ற மெசேஜை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை படிங்க, டிகேஎம்எஸ் ஃபெயில் ஆனா அங்கயே சொல்லும்.

சிபியு ஓட்டைகளுக்கு கெர்னல் மட்டும் பத்தாது. 2018 ஜனவரில வெளிய வந்த ஸ்பெக்டர் ரகத்துல சிலதுக்கு மைக்ரோகோடும் (சிபியுக்குள்ள போற அப்டேட்) சேர்ந்து வரணும், டெபியன்ல இன்டெல்-மைக்ரோகோட், ஏஎம்டி64-மைக்ரோகோட்னு தனித்தனி பேக்கேஜ், அது சிஸ்டம் எழும்போது இனிட்ராம்எஃப்எஸ் வழியா லோட் ஆகும்.

ஸ்டெப் 6: ரீபூட், ஆனா ஒரு கயிறு கட்டிட்டு

தூரத்துல இருக்கிற மெஷினுக்கு இந்த வழி ரொம்ப உதவும். பூட் மெனு காட்டுற க்ரப்போட கான்ஃபிக்ல டிஃபால்ட்டை சேவ்டுன்னு மாத்துங்க, பழைய கெர்னலை டிஃபால்ட்டா செட் பண்ணுங்க, அப்புறம் க்ரப்-ரீபூட் கமாண்டால (ரெட் ஹேட்ல க்ரப்2-ரீபூட்) புது கெர்னலை அடுத்த ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் தேர்ந்தெடுங்க. புதுசுக்கு கெர்னல் பராமீட்டர்ல பேனிக் ஈக்வல் டு 10னு சேர்த்துடுங்க, பேனிக் ஆனா (கெர்னல் சரிஞ்சு நின்னா) 10 செகண்ட்ல தானா ரீபூட் ஆகும், இந்த தடவை டிஃபால்ட்டான பழைய கெர்னல் எழும். புதுசு ஒழுங்கா எழுந்தா அதை டிஃபால்ட் ஆக்கிடுங்க. பேனிக் ஆகாம சும்மா தொங்கி நின்னா இது காப்பாத்தாது, அதுக்கு வாட்ச்டாக் வேணும் இல்ல கன்சோல் வேணும்.

பல மெஷின் இருந்தா ஒண்ணு ரெண்டுல முதல்ல போட்டு ஒரு நாள் ஓட விடுங்க. ஸ்டேபிள்னு பேர் இருக்கிறதால உடையாதுன்னு இல்ல. 2023 கடைசில 6.1.64ல ஒரு ஈஎக்ஸ்டி4 பேட்ச் பேக்போர்ட் ஆச்சு, அந்த பேட்ச் சாஞ்சு நின்ன இன்னொரு மாற்றம் 6.1 கிளைல இல்ல, அதனால டைரக்ட் ஐஓல எழுதும்போது டேட்டா கெட்டுப் போக வாய்ப்பு வந்துடுச்சு. டெபியன் 12.3 ரிலீஸையே நிறுத்திட்டு, 6.1.66ல சரியானதும் டிசம்பர் 10ம் தேதி நேரா 12.4ஆ விட்டாங்க. இதை காட்டி "அதான் அப்டேட்டே பண்றதில்ல"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க, எனக்கு அது ஒத்து வரல. சில நாள்ல கண்டுபிடிச்சு திருத்துன பக்குக்கு பயந்து, வருஷக்கணக்கா தெரிஞ்ச ஓட்டையோட உக்காந்திருக்கிறது என்ன கணக்கு?

ஸ்டெப் 7: நிஜமாவே ஆச்சான்னு சரி பாருங்க

மறுபடியும் யூநேம், ஆர் ஒரு தடவை வி ஒரு தடவை. உபுண்டுல ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் ரன்னுக்குள்ள ரீபூட்-ரிக்வயர்டுன்னு ஃபைல் இன்னும் இருக்கான்னு பாருங்க. ரெட் ஹேட்ல நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் ஹைஃபன் ஆர் சொல்லிடும். சிபியு விஷயத்துக்கு சிஸ் டைரக்டரிக்குள்ள டிவைசஸ், சிஸ்டம், சிபியு, வல்னரபிலிட்டிஸ்னு போனா ஓட்டைக்கு ஒரு ஃபைல் இருக்கும், கேட் பண்ணா மிட்டிகேஷன் இருக்கா, இன்னும் வல்னரபிளான்னு வெளிப்படையா எழுதியிருக்கும். அங்க எல்லாமே வல்னரபிள்னு வந்தா யாரோ ஸ்பீடுக்காக மிட்டிகேஷன்ஸ் ஈக்வல் டு ஆஃப்னு பூட் லைன்ல போட்டு மறந்திருக்கலாம், ப்ராக் சிஎம்டிலைனை பாருங்க.

டிமெசேஜ்ல எரர், வார்னிங் மட்டும் வடிகட்டி பழைய பூட்டோட ஒப்பிடுங்க. பழைய பூட்டோட கெர்னல் லாக் ஜர்னல்சிடிஎல்ல ஹைஃபன் கே, ஹைஃபன் பி மைனஸ் ஒண்ணு கொடுத்தா வரும், லாக் டிஸ்க்ல சேவ் ஆகிற மாதிரி செட் பண்ணியிருந்தா மட்டும்.

லைவ்பேட்ச் இருக்கே, அப்புறம் ரீபூட் எதுக்கு?

நியாயமான கேள்வி தான். ஓட்டை இருக்கிற ஃபங்ஷனை கூப்பிடும்போது எஃப்ட்ரேஸ்ங்கிற கெர்னல் வசதி வழியா திருத்துன ஃபங்ஷனுக்கு திருப்பி விடுறது தான் லைவ்பேட்ச். 2015ல வந்த 4.0ல இருந்து கெர்னலுக்குள்ளயே அதுக்கான அடித்தளம் இருக்கு, ரெட் ஹேட்டோட கேபேட்ச், சூசேவோட கேக்ராஃப்ட் ரெண்டுல இருந்தும் எடுத்து ஒண்ணாக்குனது. உபுண்டுவும் லைவ்பேட்ச் சர்வீஸ் தருது, ஆரக்கிள் கிட்ட கேஸ்ப்லைஸ் இருக்கு. ஆனா டேட்டா ஸ்ட்ரக்சரோட அமைப்பே மாறுற ஃபிக்ஸ் இதுல கஷ்டம், எல்லா சிவிஇக்கும் லைவ்பேட்ச் வராது, பெருசுக்கு மட்டும் தான் வரும். இதுல இன்னொரு சிக்கல், லைவ்பேட்ச் போட்டாலும் யூநேம் பழைய நம்பரையே காட்டும், அதனால ஸ்டெப் 7ல சொன்னது பத்தாது, லைவ்பேட்ச் டூலோட ஸ்டேட்டஸை தனியா கேக்கணும். என் கருத்துக்கு இது ரீபூட்டை தள்ளிப் போட உதவும், அவ்வளவு தான்.

உடைஞ்சா என்ன பண்றது

பூட் ஆகலேன்னா க்ரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்க்குள்ள போய் பழைய கெர்னலை எடுங்க, மெனு தெரியலேன்னா பூட் ஆகும்போது ஷிஃப்ட் இல்ல எஸ்கேப் அமுக்கிட்டு இருங்க. பழசுல நல்லா ஓடுதுன்னா அந்த உடைஞ்ச வெர்ஷனை மட்டும் ஹோல்டு பண்ணுங்க, கெர்னல் அப்டேட்டையே மொத்தமா ஆஃப் பண்ணிடாதீங்க. அப்படி ஆஃப் பண்ணது ரெண்டு வருஷம் கழிச்சு ஆடிட்ல தான் வெளிய வரும்.

அப்புறம் ரிப்போர்ட் பண்ணுங்க. டிஸ்ட்ரோ கெர்னல்னா டிஸ்ட்ரோவோட பக் ட்ராக்கர்ல. அதுக்கு முன்னாடி ப்ராக், சிஸ், கெர்னல் இதுக்குள்ள டெயின்டட் ஃபைல்ல சைபர் இருக்கான்னு பாருங்க. வேற நம்பர் இருந்தா சோர்ஸ் இல்லாத டிரைவர் ஏதாவது லோட் ஆகியிருக்கலாம், அது லோட் ஆகாத மாதிரி ரீபூட் பண்ணி திரும்ப டெஸ்ட் பண்ணலேன்னா யாரும் கவனிக்க மாட்டாங்க. எந்த வெர்ஷன் வரைக்கும் நல்லா ஓடுச்சு, எதுல இருந்து உடைஞ்சுதுங்கிற ரெண்டு நம்பர் தான் ரிப்போர்ட்ல பெரிய உதவி.

கம்பைல் பண்ண பொறுமை இருந்தா கிட் பைசெக்ட் ஓட்டுங்க. நல்லதுன்னு ஒரு வெர்ஷன், கெட்டதுன்னு ஒரு வெர்ஷன் கொடுத்தா நடுவுல ஒண்ணை எடுத்து தரும், பில்ட் பண்ணி பூட் பண்ணி நல்லதா கெட்டதான்னு சொல்லணும், ஒவ்வொரு தடவையும் பாதியா குறையும். 10,000 கமிட் இருந்தாலும் 14 ரவுண்டுக்குள்ள குத்தவாளி கமிட் கையில கிடைச்சிடும். அந்த கமிட் ஐடியோட ரிக்ரெஷன் (முன்னாடி ஓடுனது புதுசுல உடையுறது) மெயிலிங் லிஸ்ட்டுக்கு எழுதுனா, அந்த பேட்சை எழுதினவரே நேரா பதில் போட வாய்ப்பு அதிகம். ஒண்ணு மட்டும், நீங்க கண்டுபிடிச்சது ரூட் எடுக்கிற மாதிரி ஓட்டைன்னு சந்தேகம் வந்தா பப்ளிக் லிஸ்ட்ல போடாதீங்க, கெர்னலோட செக்யூரிட்டி டீமுக்கு தனி ஈமெயில் முகவரி இருக்கு, அங்க அனுப்புங்க.